துக்கம் வளர்த்த ஆர்லிஸ்

ஆடு வளர்ப்பவர்கள் உண்டு. மாடு வளர்ப்பவர்கள் உண்டு. ஒரு மாடுகூட இல்லாமல், மாடு வளர்ப்பவர்போலத் தொப்பி மட்டும் வைத்துக்கொண்டு திரிபவர்களும் எங்கள் டெக்சாஸில் தாராளமாக உண்டு. இவர்களில் யாரோடும் சேராத இன்னோர் இனம் இருக்கிறது. அவர் துக்கம் வளர்ப்பவர். காலையில் எழுந்ததும் அதற்குத் தீனி போட்டு, தண்ணீர் காட்டி, மேலே படிந்த தூசியைத் தட்டி, நாலு பேர் நடமாடுகிற இடமாகப் பார்த்துக் கட்டிவைப்பார். அது கொஞ்சம் இளைத்துவிட்டால் இவருக்குச் சோறு இறங்காது. அது செத்தே போய்விட்டால் என்ன செய்வார்? அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

இவரை எப்படி அடையாளம் காண்பது? சுலபம். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே பதில் வராது. முதலில் பார்வை தரைக்குப் போகும். அங்கிருந்து கிளம்பித் தூரத்தில் ஏதாவது ஒரு மின்கம்பத்தில் போய் நிற்கும். பிறகு மூக்கு வழியாக ஒரு பெருமூச்சு வரும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு சொல் வரும்: "இருக்கேன்." அவ்வளவுதான். மேற்கொண்டு நீங்கள்தான் கேட்கவேண்டும். கேட்காமல் போனீர்களோ, உங்களையும் தன் துக்கங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்வார்.

எல்லாத் தொழிலிலும் இவர் இருக்கிறார். வங்கியில் இருக்கிறார், பள்ளிக்கூடத்தில் இருக்கிறார், பல் பிடுங்குகிற இடத்தில்கூட இருக்கிறார். ஆனால் அசல் ரகம் வேண்டுமென்றால் கன்ட்ரி என்று நாங்கள் சொல்கிற நாட்டுப்புறப் பாட்டைப் பாடுகிறவர்களிடம்தான் வரவேண்டும். ஓடிப்போன பெண்டாட்டி, செத்துப்போன நாய், ஓயாத குடி, ஒரு பழைய வண்டி, மழை. இந்த ஐந்தையும் கிட்டாரோடு கலந்து கொடுப்பதுதான் எங்கள் பாட்டு. எங்கள் டன்னிங் ஊரில் சனிக்கிழமைதோறும் நடனக் கூடத்தில் அதைக் கொடுத்துவந்தவன் ஆர்லிஸ் பிரம்லி. அவனுக்குப் பின்னால் நின்று பிடில் வாசிப்பவன் லூதர் என்கிற நான். முன்னால் நின்று அழுதவர்களுக்கு அவன் முகம் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுதான். அந்தத் தோள் குலுங்கியபோதெல்லாம் கூட்டம் கைக்குட்டையைத் தேடியது. சட்டைக்குள் வேர்க்குரு அரிக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

ஆர்லிஸிடம் சொந்தமாக மூன்று துக்கங்கள் இருந்தன. முதலாவது, முதல் மனைவி டார்லா. தண்ணீர்ப் பம்பு விற்க வந்தவனோடு அவள் போய்விட்டாள். போனது உண்மைதான். ஆனால் அதற்கப்புறம் எல்லோரும் சமாதானமாகி, கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அவள் பிள்ளைகளின் படம் போட்ட வாழ்த்து அட்டை வந்துகொண்டிருப்பதும், வீட்டுப் பம்பு மக்கர் பண்ணினால் இவன் அந்தப் புருஷனுக்கே போன் போட்டு யோசனை கேட்பதும் எந்தப் பாட்டிலும் வராது. இரண்டாவது, பிஸ்கட் என்கிற நாய். பாட்டில் அது கொட்டுகிற மழையில் எஜமானனின் வண்டியைத் துரத்திக்கொண்டே ஓடி உயிரை விடும். நிஜத்தில் அது கிழடு தட்டிப்போய், ஈஸ்டருக்கு வாங்கிய பன்றித் தொடையை முழுசாகத் தின்றுவிட்டு, சோபாவில் படுத்து ஏப்பம் விட்டபடி போய்ச் சேர்ந்தது. இதைவிட நல்ல சாவு எனக்கு வாய்த்தால் போதும்.

மூன்றாவது, குடி. ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் பக்கத்து முக்காலியிலிருந்து கண்ணாடி டம்ளரை எடுத்து, பழுப்பு நிறத்தில் உள்ளே இருப்பதை வெளிச்சத்தில் ஒரு தடவை வெறித்துப் பார்த்து, கண்ணை மூடி ஒரு வாய் குடித்து, நெஞ்சு எரிகிறமாதிரி முகத்தைச் சுளிப்பான். பெண்கள் "ஐயோ பாவம்" என்பார்கள். டம்ளரில் இருப்பது ஐஸ் போட்ட டீ. குடியை விட்டு வருஷக்கணக்காகிறது. விட்டது வெளியே தெரிந்தால் மானம் போய்விடுமே என்றுதான் அவனுக்குக் கவலை.

இன்னொரு வழக்கமும் உண்டு. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். ஒவ்வொரு புதுப்பாட்டுக்கும் முன்னால் ஆர்லிஸ் தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு, "இது நடந்த கதைங்க. ஒரு வார்த்தைகூடக் கற்பனை இல்ல" என்பான். வருஷக்கணக்காக இதைக் கேட்டுக் கேட்டு ஊருக்கு அது வேதவாக்காகிவிட்டது. எங்கள் ஊர்ச் செய்தித்தாள் வாரம் ஒருமுறை வரும். அதற்கு முன்னாலேயே ஆர்லிஸின் பாட்டு வந்துவிடும். எதை நம்புவார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்படிக் கட்டுக்கோப்பாகத் துக்கம் நடத்திக்கொண்டிருந்தவனுக்குக் காதல் வந்தது. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிற நெல்டாவின் வடிவில் வந்தது. பேருந்து நிறையப் பிள்ளைகளை ஒரு கனைப்பில் உட்காரவைக்கிறவள். ஒரு சனிக்கிழமை இடைவேளையில் மேடையோரம் வந்தவள், தன் டம்ளர் என்று நினைத்து அவனுடையதை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டாள்.

"இது டீ" என்றாள்.

"மெதுவாப் பேசு."

"சர்க்கரை வேற போட்டிருக்கு."

"தெரியும். உன் காலைப் பிடிச்சுக்கறேன், கத்தாதே."

நெல்டா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "இத்தனை நாளா உன்னை ஒரு குடிகாரன்னு நினைச்சுட்டிருந்தேன். நல்ல மனுஷன்தானா நீ?"

"வெளிய சொல்லிடாதே" என்றான் ஆர்லிஸ்.

அவள் சொல்லவில்லை. வசந்த காலத்தில் கல்யாணம் நடந்தது. அதோடு ஆரம்பித்தது கஷ்டகாலம். இடுப்பு வாரில் புதுசாக ஓட்டை போட வேண்டியதாயிற்று. வாசலில் கால் துடைத்துவிட்டு உள்ளே போகிற பழக்கம் வந்தது. கொல்லையில் இரண்டு பேருமாகத் தக்காளி போட்டார்கள்; அது வெட்கமில்லாமல் காய்த்துத் தள்ளியது. எல்லாவற்றையும்விட மோசம், ஆர்லிஸ் விசில் அடிக்க ஆரம்பித்தான். துக்கப் பாடகன் விசில் அடிப்பதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறீர்களா? எனக்குக் கூச்சமாக இருந்தது. கோடை முழுக்க ஒரு புதுப்பாட்டு வரவில்லை. "என்ன ஆர்லிஸ், புதுசா ஒண்ணும் இல்லையா?" என்று ஆட்கள் கேட்க ஆரம்பித்தார்கள். அவன் மின்கம்பத்தைப் பார்த்தான். பெருமூச்சு வரவில்லை. ஏப்பம்தான் வந்தது.

நெல்டாவுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. "டார்லாவுக்குப் பாட்டு இருக்கு, நாய்க்குப் பாட்டு இருக்கு. எனக்கு ஒண்ணு எழுதேன்" என்று ஒரு தடவை கேட்டாள். விளையாட்டாகக் கேட்டதுபோல்தான் இருந்தது. விளையாட்டு இல்லை என்று என்னைப் போன்ற தடியனுக்கே புரிந்தது, அவனுக்குப் புரியவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் ஊர்த் திரையரங்குக்கு அந்தப் படம் வந்து தொலைத்தது. நொந்துபோன ஒரு கன்ட்ரிப் பாடகனுக்குக் காதல் கிடைக்கிற கதை. ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டத்துக்கு ஊரே போனது. ஆர்லிஸ் நடுவரிசையில் உட்கார்ந்தான். ஒரு பக்கம் நெல்டா, மறுபக்கம் நான். படம் ஆரம்பித்ததும் கதாநாயகன் மேடையிலிருந்து குப்புற விழுந்தான். ஆர்லிஸ் என் விலாவில் இடித்து, "நான்தான் இது" என்றான். கதாநாயகன் வண்டியைக் கொண்டுபோய் வேலியில் மோதினான். "நான்தான்." கிட்டாரை அடகு வைத்துவிட்டு மழையில் நடந்தான். "லூதர், சொல்றேன் பார், என் வாழ்க்கையை எவனோ உக்காந்து பாத்திருக்கான்." ஆர்லிஸ் ஒருநாளும் கிட்டாரை அடகு வைத்ததில்லை, உறையைக்கூடத் துவைத்துத்தான் போடுவான். சொன்னால் கேட்கிற நிலையில் இல்லை. கன்னத்தில் கண்ணீர், மடியில் பாப்கார்ன், முகத்தில் அப்படியொரு நிறைவு.

பாதிப் படத்துக்கு மேல் வந்தது வினை. கதாநாயகன் குதிரை வைத்தியம் பார்க்கிற ஒரு பெண்ணைச் சந்திக்கிறான். அவள் குதிரையைக் குணப்படுத்துகிற அதே நிதானத்தோடு இவனையும் குணப்படுத்துகிறாள். இவன் குளிக்கிறான், சவரம் செய்கிறான், வேளைக்குச் சாப்பிடுகிறான். கடைசியில் ஒரு பாட்டு எழுதுகிறான். எதைப் பற்றி? காலையில் அவளுக்குக் காப்பி ஊற்றிக் கொடுப்பதைப் பற்றி. அரங்கத்தில் பாதிப்பேர் எழுந்து காரைத் தேடிப் போய்விட்டார்கள். ஆர்லிஸ் எழுந்து போகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்திருந்தால், நெல்டா கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது தெரிந்திருக்கும். படம் முழுக்க அவள் அழுதது அந்த ஓர் இடத்தில்தான்.

வெளியே வந்ததும், "அந்தக் காப்பிப் பாட்டு நல்லா இருந்தது" என்றாள்.

"அதான் அவன் கதை முடிஞ்ச இடம்" என்றான் ஆர்லிஸ். முகம் வெளிறிப்போயிருந்தது. தன் சாவுச் செய்தியைத் தானே பெரிய திரையில் பார்த்துவிட்டு வந்தவனாக வீட்டுக்குப் போனான்.

அடுத்த சனிக்கிழமை பள்ளி வாத்தியக் குழுவை ஒரு போட்டிக்கு அழைத்துக்கொண்டு நெல்டா வெளியூர் போயிருந்தாள். இங்கே மேடையில் ஆர்லிஸ் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டான். "புதுப்பாட்டு ஒண்ணு. நடந்த கதைங்க. ஒரு வார்த்தைகூடக் கற்பனை இல்ல" என்றான். பாடினான். அவள் போய்விட்டாளாம். குடித்த கோப்பை பாத்திரம் கழுவுகிற தொட்டியில் கிடக்கிறதாம். கோப்பையின் விளிம்பில் உதட்டுச் சாயம் இன்னும் காயவில்லையாம். செடியில் தக்காளி பழுக்கிறதாம், பறிக்கத்தான் அவள் இல்லையாம். சொன்னால் நம்பமாட்டீர்கள், அவன் எழுதியதிலேயே அதுதான் நல்ல பாட்டு. பின்னால் நின்ற எனக்கே ஒரு சுரம் பிசகியது. வாசித்துக்கொண்டே, 'அட பாவி, காலையில்கூட அவள் கையால்தானே சாப்பிட்டாய்' என்று நினைத்தேன்.

கூடமே தேம்பியது. இடைவேளையில் மிஸ் ஓப்பல் என்னிடம் வந்தார். சர்ச் சமையலறையை ஆளுகிறவர் அவர்; ஊரில் எந்த வீட்டில் சாவு, எந்த வீட்டில் அறுவைச் சிகிச்சை, எந்த வீட்டில் புருஷன் ஓடிப்போனான் என்பது போதகருக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும்.

"எப்பப் போனா அவ?" என்று மூக்கை உறிஞ்சினார்.

"போகல, மிஸ் ஓப்பல். வாத்தியப் பசங்களோட வெளியூர் போயிருக்கா, அவ்வளவுதான்."

"அந்த மனசைப் பாரு. வீடு உடைஞ்ச அன்னிக்கும் வேலைக்கு மட்டம் போடல" என்றார். போகும்போதே கைவிரலை மடக்கி யார் யார் என்ன சமைப்பது என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். ஆர்லிஸ் சொன்னபின் நான் சொல்வதை யார் நம்புவார்கள்?

எங்கள் ஊரில் துக்கம் விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டவிடமாட்டோம். அகலமான கண்ணாடிப் பாத்திரத்தில் கோழியும் பாலாடைக்கட்டியும் சேர்த்தோ, உருளைக்கிழங்கை அடுக்கியோ, பீன்ஸுக்கு மேல் பொரித்த வெங்காயம் தூவியோ சுட்டெடுத்து, சூட்டோடு சூடாகக் கொண்டுபோய் வாசலில் கொடுப்போம். பாத்திரம் மாறிப்போகாமலிருக்க அடியில் பிளாஸ்திரி ஒட்டிப் பேர் எழுதியிருப்போம். வாங்கிக்கொண்டவர் பிற்பாடு அதைக் கழுவி, வெறுமையாக இல்லாமல் ஏதாவது போட்டு, தன் கையாலேயே கொண்டுவந்து திருப்பித் தரவேண்டும். திருப்பித் தராதவனோடு பேச்சுவார்த்தை கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஆர்லிஸ் வீட்டு வாசலில் வரிசை நின்றது. தலைக்கு ஒரு பாத்திரம். நானும் போயிருந்தேன். எதற்கா? வேடிக்கை பார்க்கத்தான், வேறெதற்கு. மிஸ் ஓப்பல் மணியடித்தார். வீட்டுச் செருப்போடு, கையில் கரண்டியோடு கதவைத் திறந்தவள் நெல்டா.

மிஸ் ஓப்பல் கரண்டியைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். பிறகு சமாளித்துக்கொண்டு, "துணிமணி எடுத்துட்டுப் போக வந்தியா, கண்ணு?" என்றார்.

"எங்க போக?"

"எங்கேன்னு ஆர்லிஸ் சொல்லல. போயிட்டேன்னு மட்டும்தான் பாடினான். கோப்பை தொட்டில கிடக்குதாமே."

நெல்டா வரிசையைப் பார்த்தாள். கடைசியில் ஒளிந்து நின்ற என்னைப் பார்த்தாள். நான் என் காலணியைப் பார்த்தேன். அவள் கத்தவில்லை. ஒவ்வொரு பாத்திரமாகக் கைநீட்டி வாங்கினாள். ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னாள். எல்லாவற்றையும் அடுக்களை மேசையில் அடுக்கிவிட்டுத் திரும்பினாள். அங்கே ஆர்லிஸ் தக்காளிக்கு உப்புத் தூவியபடி உட்கார்ந்திருந்தான். உள்ளே நடந்ததை அவனே பிற்பாடு எனக்குச் சொன்னான்.

"நான் போயிட்டேனாம்" என்றாள்.

"அது பாட்டும்மா. சும்மா ஒரு பாட்டு."

"ஒரு வார்த்தைகூடக் கற்பனை இல்லைன்னு நீதானே சொல்லுவே."

"எல்லாப் பாட்டுக்கும் அப்படித்தான் சொல்றது."

"டார்லாவுக்கு எழுதினே. நாய்க்கு எழுதினே. எனக்கு எப்போ வரும்னு காத்துக்கிட்டிருந்தேன், ஆர்லிஸ். வந்துடுச்சு. அதுல நான் வீட்லயே இல்ல." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "இத்தனை பேர் வேகாத வெயில்ல சமைச்சு எடுத்துட்டு வந்திருக்காங்க. நான் இங்க உக்காந்திருந்தா அவங்களுக்கு என்ன மரியாதை?"

பெட்டியில் துணியை வைத்தாள். வாசலில் நின்றவர்கள் மரியாதையாக வழிவிட்டார்கள். பேருந்துக் கொட்டகைக்குப் பின்னால் அவளுடைய பழைய வீடு விற்காமல் கிடந்தது, அங்கே போய்விட்டாள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். துக்கம் வளர்ப்பவனுக்கு இதைவிட நல்ல காலம் உண்டா? மனைவி நிஜமாகவே போய்விட்டாள். கோப்பை நிஜமாகவே தொட்டியில் கிடக்கிறது. கொட்டிக் குவிக்கவேண்டாமா பாட்டை? ஆர்லிஸ் கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒன்றும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பசித்தால் யாருடைய உருளைக்கிழங்கையோ குளிராகவே தின்றான். அடுத்த சனிக்கிழமை பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் 'அந்தக் கோப்பைப் பாட்டை'க் கேட்க வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டு மேடையோரமாக உட்கார்ந்துகொண்டான். மேடையில் முதல்முறையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தேன். பெருமூச்சு இல்லை, மின்கம்பம் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தான். எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

"போய்ப் பேசேன்டா" என்றேன்.

"போனேன். கதவைத் திறக்கல. ஜன்னல் வழியாத்தான் பேசினா. யாரார் பாத்திரம் கொடுத்தாங்களோ, அவங்கவங்க வாசல்ல போய் நடந்ததைச் சொல்லுன்னா. சொல்லிட்டு வான்னா."

"அப்போ சொல்லு."

"ஊர் முன்னாடி நான் என்னவாகிறது லூதர்? நாளைக்கு என் பாட்டை எவன் கேட்பான்?"

"இப்ப மட்டும் பாடிக் கிழிக்கிறியாக்கும்" என்றேன். அது அவன் மண்டையில் ஏறியது.

பாத்திரங்களைக் கழுவினோம். வெறுமையாகத் தரக்கூடாதே, ஒவ்வொன்றிலும் கொல்லைத் தக்காளியை நிரப்பினோம். நான் வண்டி ஓட்டினேன். பாத்திரங்களை மடியில் அடுக்கிக்கொண்டு அவன் உட்கார்ந்தான். முதல் வீடு மளிகைக் கடை கார்வினுடையது. ஆர்லிஸ் வாசற்படி ஏறினான். கார்வின் அவன் தோளைத் தட்டி, "எப்படித் தம்பி தாங்கிக்கிறே?" என்றார். வருஷக்கணக்கான பழக்கம் எங்கே போகும்? பார்வை தரைக்குப் போனது, மின்கம்பத்துக்குப் போனது, "இருக்கேன்" வந்தது. திரும்பும்போது கையில் புதுசாக ஒரு பாத்திரம்.

"ஒண்ணைக் குடுத்துட்டு இன்னொண்ணை வாங்கிட்டு வந்தா இது என்னிக்குடா முடியும்? திரும்பிப் போ" என்றேன்.

போனான். வாசலில் அவன் உதடு அசைவதும், கார்வின் கை தோளிலிருந்து இறங்குவதும் வண்டியிலிருந்தே தெரிந்தது.

அடுத்தது மிஸ் ஓப்பல். இங்கே நானும் கூட நின்றேன். "அவ போகல மிஸ் ஓப்பல். நான்தான் பாட்டுல அனுப்பிட்டேன். நீங்க எல்லாரும் வந்தப்புறம்தான் போனா" என்றான் ஆர்லிஸ்.

மிஸ் ஓப்பல் பாத்திரத்தை உயரத் தூக்கி, அடியில் தன் பேர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "அப்போ நான் அறுத்த கோழி சும்மாவா?"

"மன்னிச்சுக்குங்க."

"அந்த நாய்? மழையில ஓடிச்சே?"

"சோபாவுல படுத்துச் செத்துச்சு. பன்றித் தொடை தின்னுட்டு."

"அதுக்கு ரெண்டு கைக்குட்டை நனைச்சேன் நான்." அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. நாயை மன்னிக்க அவருக்கு வெகுநாள் ஆயிற்று.

ஆர்லிஸ் தொப்பியைக் கழற்றினான். வந்ததுதான் வந்தோம், எல்லாவற்றையும் கொட்டிவிடுவோம் என்று துணிந்துவிட்டான். "இன்னொண்ணும் இருக்கு. மேடையில நான் குடிக்கிறது..."

"டீ" என்றார் மிஸ் ஓப்பல். "அது ஊருக்கே தெரியும். போட்டுக் குடுக்கிறதே என் தங்கச்சி மகதானே. நீயா சொல்றவரைக்கும் கேக்க வேண்டாம்னு விட்டுவெச்சோம்."

தன் பெரிய அவமானம் இத்தனை வருஷமாக ஊருக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்தும் ஊர் தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது அவனுக்கு இறங்கவில்லை. வண்டியில் வந்து உட்கார்ந்து அடுத்த பாத்திரத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். அதற்கப்புறம் வீட்டுக்கு வீடு பேச்சு சுருங்கிக்கொண்டே வந்தது. முதலில் பெரிய கதையாக வந்த உண்மை, கடைசி வீட்டில், "பொய்யாப் பாடிட்டேங்க, இந்தாங்க பாத்திரம்" என்கிற அளவுக்கு வந்துவிட்டது.

எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்கு வந்தால், குளிர்பெட்டியின் அடித்தட்டில் இன்னொரு பாத்திரம் இருந்தது. பீன்ஸ், பாதி தின்றது. அவன் கழுவிவிட்டுத் திருப்பினான். அடியில் பிளாஸ்திரி. நெல்டா என்று அவள் கையெழுத்து. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் செய்தது. மற்றப் பாத்திரங்களோடு அதுவும் அங்கேயே தங்கிவிட்டது. மறந்து வைத்தாளோ, வைத்துவிட்டுப் போனாளோ, இன்றுவரை அவள் சொல்லவில்லை. ஆனால் பிளாஸ்திரி ஒட்டிய பாத்திரத்தைக் கையால் கொண்டுபோய்த் தந்தே ஆகவேண்டும், அதுதான் முறை. ஜன்னல் வழியாக வாங்கினால் ஊர் ஒத்துக்கொள்ளாது.

மறுநாள் காலை பிள்ளைகளை ஏற்றக் கிளம்புமுன் நெல்டா பேருந்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நாங்கள் கொட்டகைக்குப் போனோம். நான் வண்டியிலேயே இருந்துகொண்டேன். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டேன், காற்றுக்காக. ஆர்லிஸ் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தான். கொல்லையில் ஒரு தக்காளி மிச்சமில்லை. பாத்திரத்துக்குள் ஒரு பிளாஸ்க்கும் இரண்டு கோப்பைகளும் உருண்டுகொண்டிருந்தன.

"எல்லார் வாசல்லயும் சொல்லிட்டேன்" என்றான்.

"மிஸ் ஓப்பல் போன் பண்ணாங்க. நாயைப் பத்தி ஒரு மணி நேரம் பேசினாங்க." அவள் பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள். "காப்பியா?"

"காப்பிதான். ஒரு பாட்டும் இருக்கு. நல்லா இல்ல."

"எப்போ எழுதினே?"

"நேத்து. எல்லாம் குடுத்து முடிச்சப்புறம் வந்துச்சு."

"பாடு."

கிட்டார் இல்லாமல், பேருந்துப் படியில் நின்று பாடினான். அவள் கியர் மாற்றும்போது உதட்டைக் கடிப்பதைப் பற்றி. தக்காளிச் செடிக்குக் கம்பு நடும்போது அவனைத் திட்டியதைப் பற்றி. அவன் குடிப்பது டீ என்று தெரிந்தும் வெளியே சொல்லாமலிருந்ததைப் பற்றி. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மட்டமான பாட்டு. இரண்டாவது அடி முதலடியோடு சேரவில்லை, மெட்டு எங்கேயோ கேட்டமாதிரி இருந்தது. நெல்டா பேருந்தின் மேல் சாய்ந்துகொண்டு, திரையரங்கில் அழுத அதே மாதிரி அழுதாள். முடிந்ததும், "சனிக்கிழமை மேடையில இதைப் பாடு. அப்புறம் வீட்டுக்கு வரேன்" என்றாள்.

பாடினான். தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு, "இது நடந்த கதைங்க" என்றபோது கூடமே சிரித்தது. மிச்சத்தை அவன் சொல்லவில்லை. பாட்டு ஆரம்பித்ததும், நான் நினைத்தபடியே, பாதிப்பேர் பீர் வாங்க எழுந்து போனார்கள். ஆர்லிஸ் போகிறவர்களைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த பேருந்து ஓட்டுகிறவளையே பார்த்துக்கொண்டு கடைசி அடிவரைக்கும் பாடி முடித்தான். தோள் குலுங்கியது. வேர்க்குரு இல்லை, எனக்குத் தெரியும்.

மறுநாள் சர்ச் வாசலில் கார்வின், "எப்படித் தம்பி இருக்கே?" என்றார். ஆர்லிஸின் பார்வை தரைக்குப் போனது. மின்கம்பத்தைத் தேடியது. நெல்டா அவன் காலை மிதித்தாள். "நல்லா இருக்கேன்" என்றான், பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுக்கிறவன்போல. கார்வினுக்கு அடுத்து என்ன கேட்பதென்று தெரியவில்லை. எங்களில் யாருக்குமே தெரியவில்லை. அந்தப் பதிலுக்கு நாங்கள் பழகியிருக்கவில்லை.

நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்தது எனக்கும் சந்தோஷம்தான். உங்களுக்குப் பாடவராது, தொப்பி இல்லை, நாய்கூட இல்லை, ஆகவே இது உங்களைப் பற்றியது இல்லை. சரி. நாளைக் காலை தெருவில் யாராவது உங்களைப் பார்த்து, "எப்படி இருக்கீங்க?" என்பார்கள். பிள்ளை தேறியிருப்பான், முழங்கால் வலி குறைந்திருக்கும், காலையில் காப்பி அருமையாக அமைந்திருக்கும், அதைப் போட்டுக் கொடுத்தவர் வீட்டிலேயே இருப்பார். அப்போது, "ஏதோ இருக்கேன்... ஓடுது" என்று வாய் திறக்குமுன் உங்கள் கண் எங்கே போகிறது என்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். எந்தத் தெருவிலும் ஒரு மின்கம்பம் இருக்கும்.